அம்புக்குறி சைலன்சர் பக்கம்

எழுபத்தெட்டாயிரம் என்றான்
என்.சி. வீதி கராஜில் றிஸ்வான்.
துண்டில் எழுதியும் தந்தான்,
வாயால் சொன்னதை நான் நம்பாததுபோல் நின்றதால்.
நான்காய் மடித்துப் பேர்சுக்குள் வைத்தேன்.
புகையிலேயே வீடு வந்தேன்.

டிசம்பர் லீவு.
ஜனவரி பிறந்தால் லிங்கநகரில் ஏழு பிள்ளைகள்
என் ஓட்டோவுக்கு நிற்கும்.
ஏறும்போதே இருமுகிற பிள்ளைகள்.
ஒரு தாய் கேட்டேவிட்டாள்:
"அக்கா, இது ஓட்டோவா,
நுளம்புக்குப் புகையடிக்கிற மெசினா?"

அதுவரை நான் கழற்றிய பெரிய சாமான்
ஒரு கேஸ் குக்கர்.
பூட்டியது வேறு ஆள்.

மனையாவெளி முழுக்க மாரி.
தகரக் கொட்டிலுக்குள் ஓட்டோவைத் தள்ளினேன்.
டோர்ச் பிடிக்க பக்கத்து வீட்டு பேர்ணடின் வந்தாள்.
அவள் கதை போகும் பக்கமெல்லாம்
வெளிச்சமும் போகும்.
பத்தாம் நம்பர், பன்னிரண்டாம் நம்பர்:
எந்த நட்டுக்கு எந்த ஸ்பானர் என்று
கை பழக ஒரு பகல் போயிற்று.
பிஸ்கட் பெட்டி அட்டையில் எஞ்சினை வரைந்தேன்,
வாழைப்பூ மாதிரி வந்தது.
ஒவ்வொரு போல்ட்டையும்
அதனதன் இடத்தில் குத்தி வைத்தேன்.

ஹெட் கழன்றது.
குனிந்து பார்த்தேன்.
இவ்வளவுதானா?
ஒரு சிரட்டை அளவு இருட்டு.
இதற்குள்தானா ஐந்து வருடமாய்
சீட்டுக் காசும் மாவும் சீனியும்
வெடித்துக்கொண்டிருந்தன?

சேர்க்ளிப் தெறித்தது.
முழங்காலில் நின்று இரண்டு மணித்தியாலம் தேடினோம்.
பேர்ணடின் அந்தோனியாருக்கு மெழுகுதிரி நேர்ந்தாள்.
கிடைத்தது,
என் கொண்டைக்குள்.

புது றிங்கை விரித்தேன், கொஞ்சம்.
கொஞ்சத்துக்கும் கொஞ்சம் கூட.
டிக்.
மூவாயிரத்து இருநூறு ரூபா முறியும் சத்தம்
அவ்வளவு சின்னது.

மூன்றாம் நாள் விடிய வந்தால்
கொட்டிலுக்குள் மான்.
கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்,
மழைக்கு ஒதுங்கியது.
வாயில் என் அட்டை.
சைலன்சரைத் தின்று முடித்து
கார்பரேட்டருக்கு வந்திருந்தது.
போல்ட்டெல்லாம் நிலத்தில்,
ஒன்றையொன்று தெரியாத சனம்போல.
விரட்டினேன்.
மிச்ச அட்டையையும் கொண்டே போனது.

பிஸ்டன் தலையில் ஒரு அம்புக்குறி.
அது சைலன்சர் பக்கம் பார்க்கவேண்டும்.
பூட்டி, இறுக்கி, கை கழுவி,
சோற்றில் கை வைத்தபோதுதான் யோசித்தேன்:
எந்தப் பக்கம் பார்த்தது?
பேர்ணடினுக்கும் தெரியாது.
டோர்ச் அந்நேரம்
அவள் மச்சாளின் சீதனக் கதையில் நின்றது.
திரும்பக் கழற்றினேன்.
இன்னொரு காஸ்கெட், இன்னுமொரு ராத்திரி.
அம்புக்குறி சரியாய்த்தான் பார்த்துக்கொண்டிருந்தது.
அழுகை வந்தது அப்போதுதான்.

எல்லாம் பூட்டி முடிய
ஒரு போல்ட் மிச்சம்.
அது எந்த இடத்துப் போல்ட் என்று
மானைத்தான் கேட்கவேண்டும்.

லீவரை இழுத்தேன்.
ஒன்றுமில்லை.
பதினேழு தரம் இழுத்தேன்.
தோள் கழன்று அதுவும் நிலத்தில் கிடக்கும் போலிருந்தது.
"பெற்றோலைத் திறந்தியா?" என்றாள் பேர்ணடின்,
நகத்தைப் பார்த்தபடி.

திறந்தேன்.
ஒரு தும்மல்.
இன்னொன்று.
பிறகு கொட்டில் நிறையப் புகை,
புகைக்குள் பேர்ணடினின் கைதட்டல்.
புகை மெல்ல மெல்லிசாகி
வெளியே மழை தெரிந்தது.

அன்று பின்னேரம்
ஆளில்லாமல் உவர்மலை ஏற்றத்தில் போனேன்,
முதலாம் கியரில்,
காது முழுக்கப் பின்னால்.
பேர்சுக்குள் றிஸ்வானின் துண்டும்
மிச்சப் போல்ட்டும் உரசிக்கொண்டிருந்தன.
பாதி ஏற்றத்தில்
நடு றோட்டில் மான்கள்.
ஹோர்ன் அடிக்கவில்லை.
கிளச்சையும் பிரேக்கையும் பிடித்து நின்றேன்,
ஓட்டோ நின்றால் எஞ்சினும் நிற்குமோ என்று
மூச்சைப் பிடித்துக்கொண்டு.

ஒன்று மட்டும் தாடையை அசைத்தபடி
என்னையே பார்த்தது.
ஆறுதலாய்ச் சாப்பிடு என்றேன்.
எஞ்சின்
நிற்கவில்லை.